சுசான் லாங்லென் கேட்ட கூலி

பிரெஞ்சு மொழியில் 'அமத்தேர்' என்று ஒரு சொல் உண்டு. இங்கிலீஷ்காரர்கள் அதை எடுத்து 'அமெச்சூர்' ஆக்கிக்கொண்டார்கள். லத்தீனிலிருந்து வந்த சொல். 'நேசிப்பவர்' என்பது மூலப்பொருள். ஒரு காரியத்தைக் காசுக்காகச் செய்யாமல், அதன்மேல் உள்ள பிரியத்தால் செய்கிறவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புதுச்சேரியில் நான் படித்த காலத்தில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் (முசியே என்றுதான் கூப்பிடுவோம்) இதே சொல்லை வேறு விதமாகப் பயன்படுத்துவார். கட்டுரை நோட்டைத் திருத்தி, வகுப்பில் பாதிப் பேருக்குச் சிவப்பு மையில் 'திராவாய் தமத்தேர்' என்று எழுதிக் கொடுப்பார். அரைகுறை வேலை, பொறுப்பில்லாமல் செய்த வேலை என்று அர்த்தம். ஒரு சொல்லுக்குள் பிரியமும் ஏளனமும் எப்படிச் சேர்ந்து குடியிருக்கின்றன என்று அப்போது யோசித்ததில்லை. சுசான் லாங்லென் என்ற டென்னிஸ் வீராங்கனையைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் அது ஞாபகத்துக்கு வந்தது.

நம் பத்திரிகைகளில் 'லெங்லென்' என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சு உச்சரிப்பு 'லாங்லென்'. நான் அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பாரிசில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேன்த்-உவான் பழைய சாமான் சந்தைக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு கடையில் பழைய தபால் அட்டைகள் கட்டுக் கட்டாக இருந்தன. அதில் ஒன்றில் தலையில் துணிப்பட்டி கட்டிய ஒரு பெண், இரண்டு காலும் தரையில் படாமல், மட்டையை நீட்டிக்கொண்டு அந்தரத்தில் இருந்தாள். நடனக்காரி என்று நினைத்தேன். கடைக்காரர்தான் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு, இந்தப் பக்கத்துக் கல்லறையில்தான் புதைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். இரண்டு யூரோவுக்கு அட்டையை வாங்கிக்கொண்டேன். அன்று முதல் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

1899 மே 24-ஆம் தேதி பாரிசில் பிறந்தவர். சின்ன வயதில் நோஞ்சான். மூச்சிரைப்பு வேறு. உடம்பு தேறட்டும் என்று 1910-இல் அப்பா ஷார்ல் லாங்லென் ஒரு மட்டையை வாங்கிக் கொடுத்தார். அப்பாவுக்கு ஓரளவு வசதி இருந்தது. குளிர்காலத்தில் நீஸ் நகரில் குடும்பம் தங்கும். அங்கே டென்னிஸ் கிளப்பில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடுவதை அந்த மனிதர் உட்கார்ந்து கவனித்து, யார் எந்த அடியை எப்படி அடிக்கிறார்கள் என்று பாடம் பண்ணி, வீட்டுக்கு வந்து மகளுக்கு ஏற்றினார். ஆடுகளத்தில் கைக்குட்டையை விரித்துவைத்து அதன்மேல் பந்து விழ வேண்டும் என்பார். விழுந்தால் கைக்குட்டையை மடிப்பார், இடத்தை மாற்றுவார். விழாவிட்டால் எல்லார் முன்னிலையிலும் திட்டு. ஆண்களோடு ஆட வைத்தார். நம் ஊரில் பையன் டாக்டராக வேண்டும் என்று வீட்டையே ராணுவ முகாமாக்கும் அப்பாக்கள் இருக்கிறார்களே, அந்த ரகம். அந்த அப்பாவை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மகளின் பந்து நினைத்த இடத்தில் விழுந்தது என்பதையும் மறுக்க முடியாது. 1914-இல், 15 வயதில், சேன்-குளூவில் நடந்த உலகக் களிமண் தரைப் போட்டியில் பட்டம் வென்றார். இரண்டு மாதத்தில் உலகப் போர் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

போர் முடிந்து 1919-இல் விம்பிள்டன் மறுபடி நடந்தது. அதுவரை புல்தரைப் போட்டி எதிலும் அவர் ஆடியதில்லை. அன்றைய விதிப்படி, பழைய சாம்பியன் நேராக இறுதி ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டும். பழைய சாம்பியன் டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸ். ஏழு முறை பட்டம் வென்றவர், வயது 40. கணுக்கால் வரை பாவாடை, மணிக்கட்டு வரை கை மூடிய சட்டை. எதிரே 20 வயது பிரெஞ்சுப் பெண், பாவாடை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, முழங்கைக்குக் கீழே வெறுங்கை. பார்த்தவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்தார்களாம். அரசர் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் வந்திருந்தார்கள்.

முதல் செட் லாங்லெனுக்கு, 10-8. இரண்டாவது சேம்பர்ஸுக்கு, 6-4. மூன்றாவதில் லாங்லென் 4-1 என்று முன்னால் போய், அங்கிருந்து சரிந்தார். அப்பா மேலேயிருந்து பிராந்திக் குப்பியை எறிந்ததாகவும், மகள் ஒரு வாய் குடித்துவிட்டு ஆடியதாகவும் சொல்வார்கள். ஆட்டத்தின் நடுவே அவர் கோன்யாக் பருகியது பொய்யில்லை, பிற்காலத்திலும் அது அவர் வழக்கம். சேம்பர்ஸ் 6-5, 40-15. இரண்டு மேட்ச் பாயின்ட். முதல் பாயின்டில் லாங்லெனின் மட்டைக் கட்டையில் பட்ட பந்து வலையின் மேல்பட்டியில் உட்கார்ந்து, யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது. அடுத்த பாயின்டை ஓரக் கோட்டை ஒட்டிய பேக்ஹேண்டில் தப்பித்தார். கடைசியில் 9-7 என்று ஜெயித்தார். மொத்தம் 44 கேம். விம்பிள்டன் பெண்கள் இறுதி ஆட்டத்தில் அதைவிட நீளமானது 1970 வரை வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கணக்கப்பிள்ளை மாதிரி சொல்லிவிடுகிறேன். விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் 1919 முதல் 1923 வரை தொடர்ந்து ஐந்து, 1925-இல் ஒன்று. எலிசபெத் ரயனோடு இரட்டையர் பட்டமும் அதே ஆறு ஆண்டுகளில். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், ஒரு வெண்கலம். ஒற்றையரில் அந்தப் போட்டி முழுவதிலும் விட்டுக்கொடுத்தது நான்கே கேம். போருக்குப் பிறகு ஆடிய ஒற்றையர் ஆட்டங்களில் அவர் தோற்றதாகக் கணக்கில் இருப்பது ஒன்றே ஒன்று, 1921-இல் அமெரிக்காவில்.

அந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போரில் பாழான பிரெஞ்சுப் பகுதிகளுக்கு நிதி திரட்டக் காட்சி ஆட்டங்கள் ஆடத்தான் கப்பல் ஏறினார். அங்கே போனதும் தேசியப் போட்டியிலும் பெயர் கொடுத்தார். மோலா மலோரியிடம் முதல் செட்டை 2-6 என்று இழந்து, இருமிக்கொண்டே, இரண்டாவது செட் தொடங்கியதும் முடியவில்லை என்று களத்தைவிட்டு வெளியேறினார். கூட்டம் சீட்டி அடித்தது. தோற்கப் போகிறோம் என்றதும் இருமல் வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டு விம்பிள்டன் இறுதியில் அதே மலோரி எதிரே வந்தார். 6-2, 6-0. 26 நிமிடம். பத்திரிகைகளுக்கு அதைவிடச் சுருக்கமாகப் பதில் எழுத முடியுமா?

அந்த 1922-இல்தான் விம்பிள்டன் போட்டி பழைய வோர்ப்பிள் ரோடு மைதானத்திலிருந்து இப்போதைய சர்ச் ரோடு மைதானத்துக்கு மாறியது. பழைய இடம் கூட்டம் கொள்ளவில்லை. அவர் ஒருவரால்தான் மாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி யாரைப் பார்க்க வந்தது என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பாரிசின் பெரிய உடை வடிவமைப்பாளர் ழான் பத்தூ அவருக்கு உடை தைத்தார். அவர் தலைப்பட்டியைப் பார்த்து ஐரோப்பாவில் பாதிப் பெண்கள் தலைப்பட்டி கட்டினார்கள்.

இனி எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். 38 வருடம் பில் எழுதியவன் நான். டிக்கெட் விற்ற பணம் யாருக்குப் போனது? கிளப்புக்கும் சங்கத்துக்கும். செய்தித்தாள் விற்ற பணம் முதலாளிக்கு. கான், நீஸ் ஹோட்டல்கள் நிரம்பியதில் வந்த பணம் ஹோட்டல்காரனுக்கு. பந்தை அடித்தவருக்கு? கோப்பை. ஏனென்றால் அவர் அமத்தேர். விளையாடிக் காசு வாங்கினால் அந்த நிமிடமே பட்டியலிலிருந்து பெயர் அடிபடும். விம்பிள்டனிலும் ஆட முடியாது, தேசியப் போட்டியிலும் ஆட முடியாது. பயணச் செலவும் தங்கும் செலவும் மட்டும் வாங்கலாம். எங்கள் பாஷையில் சொன்னால், சம்பளம் கிடையாது, பயணப்படி உண்டு. சம்பளமே இல்லாத இடத்தில் பயணப்படி பில் எப்படியெல்லாம் வீங்கும் என்று அரசு அலுவலகம் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பல ஆட்டக்காரர்களுக்குக் கவரில் ரகசியமாகப் பணம் போனது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதுதான் அந்த விதியின் அழகு.

இதைப் படிக்கும்போது எனக்கு ஓர் அம்மாள் முகம்தான் வந்தது. நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைக்கிற வேலை செய்தவர். காலை ஏழு மணிக்கு வருவார், கடைசி ஆள் போன பிறகு பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார். மஸ்டர் ரோலில்கூடப் பெயர் கிடையாது. 'கன்டிஞ்சென்சி' என்கிற சில்லறைச் செலவுக் கணக்கில், துடைப்பம், பினாயில், மைப்புட்டி வரிசையில், அவர் கூலியும் ஒரு வரி. 19 வருடம். நிரந்தரம் செய்யலாம் என்று மூன்று முறை நோட் போட்டு ஃபைலை மேலே அனுப்பினேன். மூன்றாவது முறை ஒரு அதிகாரி, இவர் சேவை மனப்பான்மையோடு வருபவர், பகுதி நேரமாகவே தொடரலாம் என்று எழுதித் திருப்பினார். ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அம்மாள் கேட்டார். சொன்னேன். "சேவையா? நான் வேலைதான சார் செய்யறேன்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் புரியாத ஏதோ ஒன்றைப் பொறுமையாக எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னார். பென்ஷன் இல்லாமல்தான் போய்ச் சேர்ந்தார்.

லாங்லென் பணக்கார வீட்டுப் பெண், கோன்யாக் குடித்தவர், பத்தூ உடை உடுத்தியவர். இரண்டு பேரையும் ஒரு தராசில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த அம்மாள் சொன்ன வாக்கியத்தை 1926-இல் இவரும் சொன்னார், அவ்வளவுதான்.

1926 ஒரு விசித்திரமான வருடம். பிப்ரவரி 16-ஆம் தேதி கான் நகரில் கார்ல்டன் கிளப்பில் ஹெலன் வில்ஸோடு ஆட்டம். வில்ஸ் அமெரிக்க சாம்பியன், வயது 20. இருவரும் ஒற்றையரில் மோதியது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். உலகத்தின் பல மூலையிலிருந்து நிருபர்கள் வந்து குவிந்தார்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள் பக்கத்து வீட்டுக் கூரையிலும் மரத்திலும் ஏறினார்கள். லாங்லென் முதல் செட்டை 6-3 என்று எடுத்தார். இரண்டாவதில் 6-5, மேட்ச் பாயின்ட். வில்ஸ் அடித்த பந்து கோட்டருகே விழுந்தது. 'அவுட்' என்று ஒரு குரல். ஆட்டம் முடிந்தது என்று இருவரும் கை குலுக்கிவிட்டார்கள், கூட்டம் களத்துக்குள் பாய்ந்துவிட்டது, பூங்கொத்துகள் வந்துவிட்டன. அப்போது லைன்ஸ்மேன் தட்டுத் தடுமாறி அம்பயரிடம் போய், நான் அவுட் சொல்லவில்லை, கத்தியது கூட்டத்தில் யாரோ, பந்து உள்ளேதான் விழுந்தது என்றார். ஜெயித்துவிட்டோம் என்று மூச்சு விட்ட பிறகு மறுபடி மட்டையை எடுக்க வேண்டும். அந்த கேம் போயிற்று, 6-6. வேறு யாராக இருந்தாலும் அங்கே உடைந்திருப்பார்கள். லாங்லென் 8-6 என்று முடித்தார். பிறகுதான் உட்கார்ந்து அழுதார்.

அந்த ஆட்டத்தின் வசூலில் அவருக்குக் கணக்கில் ஒரு சாந்தீம் கிடையாது.

ஜூனில் விம்பிள்டன். பல வருடம் ரயனோடு ஜோடி சேர்ந்து ஆடியவரை, இந்த முறை பிரெஞ்சுப் பெண்ணோடுதான் ஆட வேண்டும் என்று பிரெஞ்சு சங்கம் கட்டாயப்படுத்தியது. சம்பளம் தராத முதலாளி, ஆனால் உத்தரவு மட்டும் வருகிறது, கவனியுங்கள். ஒரு நாள் அவர் ஆட்ட நேரத்தை மாற்றியிருந்தார்கள். அவருக்குச் செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை. அவர் வந்தபோது அரசி மேரி வந்து காத்திருந்து ஆட்டம் நடக்காமல் போய்விட்டது. கமிட்டிக்காரர்கள் கடிந்துகொண்டார்கள். இவர் அழுது ஆர்ப்பாட்டம் செய்து, ஆட மாட்டேன் என்றார். அரசியை அவமதித்தவள் என்று பேச்சு. ஏழு வருடம் தலையில் வைத்து ஆடிய கூட்டம், கலப்பு இரட்டையர் ஆட்டத்துக்கு அவர் இறங்கியபோது கூச்சலிட்டது. போட்டியிலிருந்து விலகினார். விம்பிள்டனில் அதன் பிறகு அவர் ஆடவில்லை.

ஆகஸ்டில் சி. சி. பைல் என்ற அமெரிக்க வியாபாரியிடம் கையெழுத்துப் போட்டார். 50,000 டாலர் என்று அன்றைய செய்தி. அக்டோபர் 9-ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ஆட்டம், 13,000 பேர். எதிரே மேரி கே. பிரவுன், மூன்று முறை அமெரிக்கப் பட்டம் வென்றவர், வயது 35. அடுத்த நான்கு மாதம் ஊர் ஊராக இருவரும் ஆடினார்கள், 38 ஆட்டம். 38-உம் லாங்லெனுக்கு. சர்க்கஸ் கம்பெனி மாதிரி என்று பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். எனக்குத் தெரிந்த சர்க்கஸ்காரர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை.

அந்தச் சமயத்தில் அவர் சொன்ன நியாயம் அச்சில் இருக்கிறது. சாரத்தைச் சொல்கிறேன். 12 வருடமாக டென்னிசுக்கு லட்சக்கணக்கில் சம்பாதித்துக் கொடுத்தேன், ஆடுவதற்கு நுழைவுக் கட்டணமும் நானே கட்டினேன். எந்தத் தொழில் செய்கிறவரும் உழைக்கிற அளவுக்கு இதில் உழைத்தேன். எனக்கு வயது 27, கையில் பணமில்லை. எனக்குத் தெரிந்த தொழிலை விட்டு வேறு தொழிலுக்குப் போவதா? இந்த விதிப்படி பணக்காரர்கள் மட்டுமே ஆட முடியும், அவர்கள்தான் ஆடுகிறார்கள், இது நியாயமா? சர்வீஸ் புக் எழுதிப் பழகிய எனக்கு இதில் திருத்த ஒரு வார்த்தை தோன்றவில்லை.

விம்பிள்டன் கிளப் அவருக்குக் கொடுத்திருந்த கௌரவ உறுப்பினர் பதவியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. போட்டிகளின் கதவு மூடியது. விதி என்றால் விதிதானே என்று கேட்பீர்கள். 1928-இல் நடந்ததைக் கேளுங்கள். பாரிசில் ரொலான் காரோஸ் அரங்கம் புதிதாகக் கட்டி, டேவிஸ் கோப்பை இறுதிக்கு அமெரிக்க அணி வர வேண்டும். அணியின் நட்சத்திரம் பில் டில்டன் பத்திரிகைக்குக் காசு வாங்கிக்கொண்டு எழுதினார் என்று அமெரிக்கச் சங்கம் தடை போட்டது. டில்டன் இல்லாவிட்டால் புது அரங்கத்தில் யார் டிக்கெட் வாங்குவார்கள்? பிரெஞ்சுக்காரர்கள் பதறினார்கள், அமெரிக்கத் தூதரே தலையிட்டார், டில்டன் ஆடினார். தடை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. லாங்லெனுக்காக எந்தத் தூதரும் எழுந்து வரவில்லை.

பிறகு பாரிசில் டென்னிஸ் பள்ளி நடத்தினார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1938 ஜூலை 2-ஆம் தேதி ஹெலன் வில்ஸ் விம்பிள்டனில் தன் எட்டாவது பட்டத்தை வென்றார். இரண்டு நாள் கழித்து, ஜூலை 4-ஆம் தேதி, லாங்லென் ரத்தச்சோகையால் இறந்தார். வயது 39.

பணம் வாங்குகிறவரும் வாங்காதவரும் ஒரே போட்டியில் ஆடலாம் என்று 1968-இல்தான் விதியை மாற்றினார்கள். முதலில் நடந்த பெரிய போட்டி ரொலான் காரோஸ். அந்த மே மாதம் எனக்கு நன்றாக ஞாபகம், பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம், எங்கள் முசியேவுக்கு வர வேண்டிய பத்திரிகைகள் வரவில்லை. பெண்கள் பட்டத்தை வென்ற நான்சி ரிச்சி அமத்தேராகப் பதிவு செய்திருந்ததால் பரிசுப் பணத்தைத் தொட முடியவில்லை. அதே வருடம் விம்பிள்டனில் ராட் லேவருக்கு 2,000 பவுண்டு, பில்லி ஜீன் கிங்குக்கு 750. இரண்டும் சமமாக 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரொலான் காரோஸ் என்பவர் விமானி. மத்தியதரைக் கடலை முதலில் பறந்து கடந்தவர், 1918-இல் போரில் இறந்தவர். டென்னிசுக்கும் அவருக்கும் பெரிய சம்பந்தமில்லை. அங்கே இரண்டாவது பெரிய ஆடுகளத்துக்கு 1997-இல் சுசான் லாங்லென் பெயரை வைத்தார்கள். அந்த அரங்கத்தில் பிரெஞ்சுப் பட்டப் போட்டி நடக்கத் தொடங்கியது 1928-இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே அவரைப் போட்டிகளிலிருந்து வெளியே தள்ளியாயிற்று. 1925, 1926 பட்டங்களை அவர் வென்றது வேறு கிளப் மைதானங்களில்.

பெண்கள் ஒற்றையர் கோப்பைக்கும் அவர் பெயர்தான். 2025-இல் அதை வென்ற கோகோ காஃப் கூடவே 25 லட்சத்து 50 ஆயிரம் யூரோ வாங்கிக்கொண்டு போனார்.

பிரான்சுவாஸ் துய்ர் பற்றியும் எழுத வேண்டும். 1967-இல் அவர் பட்டம் வென்றபோது நான் மேல்வகுப்பில் இருந்தேன். ஆள்காட்டி விரலை மட்டையின் தண்டு மேலே நீட்டிப் பிடித்து ஆடுவார், அப்படி யாரும் பிடிக்கக் கூடாது என்பார்கள். அது அடுத்த முறை.